‘உடனே’ என்ற சொல்லுக்குக் கீழே என் கையெழுத்து

நான் செய்த தவறு ஒன்றை இப்போது பதினான்கு பேர் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் மல்லிகா போன் செய்துதான் எனக்கு இது தெரியும். மல்லிகா என்பது அவளுடைய பெயர் இல்லை, நான் வைத்த பெயர். ஏன் மாற்றி வைத்தேன் என்பது கடைசிவரை படிப்பவர்களுக்குத் தெரியும்.

என் பெயர் தனபாக்கியம். வீடு முதலியார்பேட்டை. டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து, ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. டாக்டர் இல்லை, நர்சும் இல்லை. ஆபரேஷனுக்கு வேண்டிய துணி, பஞ்சு, கத்தி, கத்தரி எல்லாவற்றையும் கழுவி, மடித்து, நீராவியில் வைத்துக் கிருமி சாகடித்து அனுப்புகிற அறையில் இருந்தேன். வார்டில் வேலை பார்க்கிற பெண்களை எல்லோரும் ஆயாம்மா என்று கூப்பிடுவார்கள். என்னை யாரும் அப்படிக் கூப்பிட விட்டதில்லை. எங்கள் ஊரில் ஆயா என்றால் அப்பாவைப் பெற்றவள். முப்பத்திரண்டு வயதில் எனக்கு எதற்கு அந்தப் பட்டம்? தனம் என்று கூப்பிடு, இல்லாவிட்டால் கூப்பிடாதே என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

படிப்பு மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இதையும் என் கையால்தான் எழுதினேன், பதினோரு நாள் ஆனது. எழுத்துப் பிழையை மகள் திருத்தினாள். சொல்லைத் திருத்த நான் விடவில்லை.

மல்லிகா அந்த அறையில்தான் இப்போதும் வேலை பார்க்கிறாள். நாற்பத்தெட்டு வயது. போனில் அவள் சொன்னது இது.

“அக்கா, மறுபடியும் இண்டர்வியூ வைக்கறாங்க. அடுத்த மாசம் மொதத் திங்கக்கெழமை. பாஸ் பண்றவங்க இருக்கலாம், மத்தவங்க காண்டிராக்ட்டுக்குப் போவணும். கிளாஸ் எடுத்தாங்க. ‘நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள்’னு கேப்பாங்களாம். அதுக்குப் பதில் எழுதி எங்க பதினாலு பேருக்கும் ஆளுக்கு ஒரு தாள் குடுத்துருக்காங்க. படிக்கறேன், கேளு.”

படித்தாள். நீராவிப் பெட்டியில் ஒரு டிரம்மின் ஓட்டைகளைத் திறக்காமல் வைத்துவிட்டேன், தவறை உணர்ந்த உடனேயே மேலதிகாரியிடம் தெரிவித்தேன், நோயாளி காப்பாற்றப்பட்டார், அன்றுமுதல் புதிய நடைமுறை கொண்டுவந்தோம்.

“இது ஒன்னோடதுதானேக்கா?”

என்னுடையதுதான். ஆனால் என்னுடையது இல்லை. அந்த ‘உடனேயே’ என்னுடையது இல்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வேலை கற்றுக்கொண்டதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வீட்டுக்காரர் மில்லில் இருந்தார். மில் மூடினார்கள். பஞ்சுத் தூசி மட்டும் அவர் நெஞ்சுக்குள் மூடாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் வேலைக்கு வந்தேன். முதல் ஆறு மாதம் ரத்தம் பட்ட துணி அலசினேன். அடுத்த ஆறு மாதம் ரத்தம் ஒற்றுகிற காஸ் என்கிற வலைத்துணியை வெட்டி மடித்தேன். நூல் பிசிறு வெளியே தெரியாமல் உள்ளே திருப்பி மடிக்க வேண்டும். ஒரு பிசிறு வயிற்றுக்குள் தங்கினாலும் அது சீழ் பிடிக்கும். பிறகு டிரம்முக்கு வந்தேன்.

டிரம் என்றால் மூடி போட்ட வட்டமான எவர்சில்வர் டப்பா. அதன் பக்கவாட்டில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். ஓட்டைகளைச் சுற்றி ஒரு பட்டை. பட்டையை இந்தப் பக்கம் தள்ளினால் ஓட்டை திறக்கும், அந்தப் பக்கம் தள்ளினால் மூடும். மடித்த காஸ் துணியை உள்ளே அடுக்கி, ஓட்டைகளைத் திறந்து, நீராவிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். அப்போதுதான் நீராவி உள்ளே போகும். வெளியே எடுத்ததும் சூடு ஆறுவதற்குள் பட்டையைத் தள்ளி ஓட்டைகளை மூட வேண்டும். மூடிமேல் ஒரு டேப் ஒட்டியிருக்கும். சூடு பட்டால் அதில் கறுப்புக் கோடு விழும். ஆபரேஷன் தியேட்டரில் இருப்பவர்கள் அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்துத்தான் டிரம்மைத் திறப்பார்கள்.

இதில் ஒரு மோசம் உண்டு. ஓட்டையைத் திறக்க மறந்தாலும் வெளியே ஒட்டிய டேப்பில் கோடு விழுந்துவிடும். உள்ளே இருக்கிற துணிக்கு நீராவி பட்டதா இல்லையா என்பது டேப்புக்குத் தெரியாது. அடுக்கியவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தியேட்டருக்கும் எங்கள் அறைக்கும் பொறுப்பு தலைமை நர்ஸ் பிலோமின் சிஸ்டர். உயரமான ஆள். அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சிஸ்டர் அவசரப்படுத்தும்போது ‘வித், வித்’ என்பார். பிரெஞ்சில் சீக்கிரம் என்று அர்த்தமாம். நான் ஒரு வருஷம்வரை ஏதோ வித்தை காட்டச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் கத்தி நான் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற அவருடைய குரல் இறங்கும். காது கேட்காமல் நாம்தான் கிட்டே போக வேண்டும். திட்டு வாங்குவதற்கு நாமே நடந்து போவது இருக்கிறதே, அது தனிப் பயம்.

அவருக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. நாங்கள் பேசுகிற பேச்சு. ஒரு தடவை என் கையிலிருந்து தெர்மாமீட்டர் விழுந்தது.

“ஒடைஞ்சிடுச்சி சிஸ்டர்” என்றேன்.

“தானாவா?”

“ஆமாம் சிஸ்டர். கை தவறிடுச்சி.”

“அது தானா ஒடைஞ்சிடுச்சி, கை தானா தவறிடுச்சி. பாவம், நீ அந்த நேரத்துல எங்க போயிருந்த தனம்?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் எரிந்தது. ‘உடைச்சிட்டேன்’ என்று சொல்லும்வரை சிஸ்டர் என்னை விடவில்லை. யோசித்துப் பார்த்தால் எங்கள் ஆட்கள் யாருமே அப்படிச் சொல்ல மாட்டோம். பால் பொங்கிப் போச்சு, துணி தீய்ஞ்சு போச்சு, பஸ்ஸு போயிடுச்சி. எல்லாம் தானாகவே நடக்கும். நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்போம்.

நான் வேலைக்குச் சேர்ந்த நான்காம் வருஷம், ஒரு நாள் காலையில் அது நடந்தது. பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்தவளிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். நாலு வருஷத்தில் என் டிரம்மைப் பற்றி ஒரு குறை வந்திருக்கிறதா என்று கேட்டேன். பேசிக்கொண்டே அடுக்கினேன், பேசிக்கொண்டே பெட்டிக்குள் வைத்தேன். பெட்டியின் அழுத்த முள் ஏறியது, நேரம் ஆனது, முள் இறங்கியது. மூன்று டிரம்களையும் வெளியே எடுத்தேன். முதல் டிரம்மின் பட்டையைத் தள்ளி மூடினேன். இரண்டாவதையும் மூடினேன். மூன்றாவதன் பட்டையில் கை வைத்துத் தள்ளினேன். நகரவில்லை. ஏற்கெனவே மூடியிருந்தது.

கை அங்கேயே நின்றது. மேலே டேப்பில் கறுப்புக் கோடு அழகாக விழுந்திருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தியேட்டர் பெண் உள்ளே வந்தாள். “சிசேரியன் கேஸு, டிரம்மு குடு” என்று சொல்லி அந்த மூன்றாவதையே தூக்கினாள். கைக்குக் கிட்டே அதுதான் இருந்தது. ‘வை’ என்று ஒரு எழுத்துச் சொல்லியிருந்தால் போதும். வாய் திறக்கவில்லை. அவள் போனாள். ஆடும் கதவு இரண்டு தரம் ஆடி நின்றது.

பெட்டிக்கு மேலே சுவரில் கடிகாரம். மணி பத்து பத்து. பெரிய முள் இரண்டில் இருந்தது.

அப்போது என்ன நினைத்தேன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். நல்லதாக ஒன்றும் நினைக்கவில்லை. வேலை போய்விடும் என்று நினைத்தேன். எல்லாத் துணியிலும் கிருமி இருக்கவா போகிறது என்று நினைத்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்ததும்தான் பயம் அதிகமானது. காலைத் தூக்கினால் அது தரையிலேயே இருந்தது. பெரிய முள் மூன்றுக்கு வந்தது. பக்கத்தில் இருந்தவள் ஏதோ கேட்டாள், நான் ஏதோ பதில் சொன்னேன். பெரிய முள் நான்குக்கு வந்தது.

அதற்குப் பிறகுதான் ஓடினேன்.

தியேட்டர் வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கும். வெளிச் செருப்போடு அதைத் தாண்டக் கூடாது. கோட்டில் நின்று “சிஸ்டர்!” என்று கத்தினேன். அந்த இடத்தில் யாரும் கத்தியதில்லை. பிலோமின் சிஸ்டர் வெளியே வந்தார். முகமூடிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது.

“என்னா?”

“டிரம்மு ஓட்டை தெறக்காம போயிடுச்சி சிஸ்டர்.”

அவர் குரல் இறங்கிவிட்டது. நான் கோட்டைத் தாண்ட முடியாமல் குனிந்து கேட்டேன்.

“போயிடுச்சா?”

“விட்டுட்டேன் சிஸ்டர். நான்தான் விட்டுட்டேன்.”

அவர் உள்ளே ஓடினார். அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன். துணியைத் தள்ளிவிட்டு வேறு டிரம் வாங்கினார்கள். ஆனால் குழந்தையை எடுத்தாகிவிட்டது. அதற்குள் என் டிரம்மின் துணி ஐந்து அந்தப் பெண்ணின் வயிற்றைத் தொட்டிருந்தது.

அந்தப் பெண் காலாப்பட்டுப் பக்கம் ஒரு மீனவக் கிராமத்துப் பெண். பெயர் செல்வி. முதல் குழந்தை. கூட மாமியார் இருந்தாள். டாக்டர் அவர்களிடம், கிருமி வராமல் இருக்க ஊசி கூடுதலாகப் போடுகிறோம் என்று மட்டும் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எட்டு நாள். முப்பத்தொரு வருஷத்தில் எனக்குப் பாதி முடி அந்த எட்டு நாளில்தான் நரைத்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பேச்சு உண்டு. ஒரு கேஸ் கை மீறிப் போனால் ‘கோரிமேடு’ என்பார்கள். அங்கே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றி அனுப்புவார்கள் என்று அர்த்தம். காலையில் கேட்டுக்குள் நுழைகிறபோது ஆம்புலன்ஸ் நின்றிருந்தால் யாருக்கு என்று வாட்ச்மேனைக் கேட்பேன். யாரோ ஒருத்தி ‘கோரிமேடு’ என்று சொல்வது காதில் விழும். கிட்டே போய்க் கேட்டால், அவள் பஸ்ஸுக்கு வழி சொல்லிக்கொண்டிருப்பாள்.

தினமும் வார்டுக்குப் போவேன். துணி எண்ணுகிற சாக்கு. கட்டில் பக்கம் போய்ச் செல்வியின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். மூன்றாம் நாள் அவள் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏம்மே, யாரு நீ? டாக்டரும் இல்ல, நர்சும் இல்ல. தினம் வந்து எம்மருமவ நெத்தியத் தொடற. கொழந்தைய மாத்தறதுக்கு வழி பாக்கறியா?”

“இல்லம்மா. காய்ச்சல் இருக்குதான்னு பாத்தேன்.”

“அவளுக்கு ஏன் காய்ச்சல் வரணும்? நல்லாத்தான இருக்கறா? நாக்குல நல்ல வார்த்தை வராதா ஒனக்கு?”

செல்வி சிரித்தாள். “வுடு அத்தே. அவங்க கை சில்லுன்னு இருக்குது, நல்லாருக்குது” என்றாள்.

என் கை ஏன் சில்லென்று இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். நான்காம் நாள் சாயங்காலம் அவளுக்குக் காய்ச்சல் நூறு வரை ஏறியது. அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த சாமியையும் தெரியாத சாமியையும் கூப்பிட்டேன். பால் கட்டியிருக்கிறது, அதனால் வந்த காய்ச்சல் என்றார்கள். மறுநாள் இறங்கியது. எட்டாம் நாள் தையல் பிரித்தார்கள். சுத்தமாக ஆறியிருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் போனார்கள். மாமியார் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள், போய்த் தொலை என்கிறாளா, போய் வருகிறேன் என்கிறாளா என்று தெரியாத மாதிரி.

அன்று சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் பெரிய பதிவேடு. நடந்ததை அவரே எழுதியிருந்தார். எனக்குப் படித்துக் காட்டினார். ஓட்டைகளைத் திறக்கத் தவறியது, துணி பயன்பட்டது, மருந்து கொடுத்தது. கடைசியில், ‘பணியாளர் தனபாக்கியம் தவறை அறிந்த உடனே தெரிவித்தார்.’

நான் நிமிர்ந்து பார்த்தேன். சிஸ்டரும் என்னைப் பார்த்தார். டிரம் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, நான் எத்தனை மணிக்குக் கத்தினேன் என்பது அவருக்குத் தெரியும். மார்பில் கடிகாரம் குத்தியிருக்கிற ஆள் அவர்.

“இது இன்னிக்குப் பொய்யி தனம்” என்றார். காதைக் கொடுத்துத்தான் கேட்டேன். “பத்து நிமிஷம்னு எழுதினா உன்னை அனுப்பிடுவாங்க. அடுத்த தடவை இந்த வார்த்தை நெசமா இருக்கணும். கையெழுத்துப் போடு.”

போட்டேன். என் பெயர் நீளம். ஒவ்வொரு எழுத்தாகப் போட்டு முடிக்கிறவரை அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து எங்கள் அறையில் ஒரு வழக்கம் வந்தது. டிரம்முக்குள் துணிக்கு நடுவிலும் ஒரு துண்டு டேப் வைக்க வேண்டும். ஓட்டையைத் திறக்கிறபோது ‘நான் திறந்தேன்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூடுகிறபோது ‘நான் மூடினேன்’. பக்கத்தில் இருப்பவள் காதில் விழ வேண்டும். ‘திறந்தாச்சு’ என்று சொன்னால் சிஸ்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். யார் திறந்தது என்பார். புதிதாக வருகிறவர்கள் எங்களைக் கிறுக்கு என்று நினைப்பார்கள். நான் ஓய்வு பெறுகிற நாள்வரை சொன்னேன். வீட்டில் குழம்புச் சட்டியை மூடுகிறபோதும் வாயில் வந்துவிடும். எங்கள் வீட்டுக்காரர், “சரி, மூடிட்ட, நான் சாச்சி” என்பார்.

வருஷங்கள் போயின. சிஸ்டர் ஓய்வு பெற்று, மகனோடு பிரான்சுக்குப் போய், அங்கேயே இறந்தார். நான் ஓய்வு பெற நான்கு வருஷம் இருக்கும்போது ஆஸ்பத்திரி கை மாறியது. புது நிர்வாகம் வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கெல்லாம் இண்டர்வியூ என்றார்கள். தேறினால் இருக்கலாம், தேறாவிட்டால் காண்டிராக்ட்டில் போய்ச் சேர வேண்டும். காண்டிராக்ட் ஆளுக்கு ஆஸ்பத்திரியில் குடும்ப வைத்தியம் கிடையாது. எங்கள் வீட்டுக்காரருக்கு அந்த வைத்தியத்தில்தான் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. மாதம் இரண்டு தரம் கேன்டீனுக்குப் பக்கத்து அறையில் படுக்க வைத்து நெஞ்சுக்கு மருந்து ஆவி பிடிக்க வைப்பார்கள். எனக்கு அந்த இண்டர்வியூ வேலை பற்றியது இல்லை, அவர் மூச்சு பற்றியது.

பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். நிவேதா. நல்ல பெண், சிரித்த முகம். இந்த இண்டர்வியூவில் வேலையைப் பற்றிக் கேள்வி கேட்க மாட்டார்கள், நீங்கள் நடந்துகொண்ட விதத்தைக் கேட்பார்கள் என்றாள். ‘கோபப்பட்ட நோயாளியை எப்படிச் சமாளித்தீர்கள்?’, ‘செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள்’ என்ற மாதிரி. பதிலுக்கு நான்கு படி வைத்திருந்தாள். எங்கே நடந்தது, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவு என்ன.

“முக்கியமா ஒண்ணு ஆன்ட்டி. நாங்க செஞ்சோம், நாங்க பாத்தோம்னு சொல்லாதீங்க. நான், நான்னு சொல்லுங்க.”

பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள். “ரெண்டு பேரு சேந்து தூக்கினதை நான் தூக்கினேன்னு சொன்னா, இன்னொருத்தி வெளிய வந்து என்னை அடிப்பாளே?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ‘நான்’ என்று சொல்லச் சொன்ன இன்னொருவரை எனக்குத் தெரியும். அவர் சொல்லச் சொன்னது செய்த நல்லதுக்கு இல்லை, செய்த தப்புக்கு.

நிவேதா உதாரணத்துக்கு ஒரு கதை சொன்னாள். அழுக்குத் துணிக்குள் நோயாளியின் மோதிரம் கிடந்தது, கண்டெடுத்து ஒப்படைத்தேன் என்று. பாவம், அவள் உதாரணத்துக்குத்தான் சொன்னாள். எங்கள் ஆட்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் பார்த்தால் கழுவுகிறவள், பெருக்குகிறவள், சமையல்கட்டில் இருக்கிறவள் எல்லோருக்கும் ஒரு மோதிரம் கிடைத்திருந்தது. நானும் மனப்பாடம் செய்தேன். தவறு பற்றிய கேள்விக்கு, மோதிரத்தைக் கொஞ்சம் தாமதமாக ஒப்படைத்தேன் என்று மாற்றி வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் முன்னால் சொல்லிப் பார்த்தேன்.

கட்டிலில் சாய்ந்தபடி கேட்டார். “கல்லு வெச்ச மோதிரமா, வெறும் மோதிரமா?”

“கல்லு வெச்சது.”

“என்னா கல்லு?”

“ஏதோ ஒரு கல்லு. உங்களுக்கு எதுக்கு?”

“பொய்யி சொல்றப்ப ஒனக்குக் காது செவக்குது. தலைமுடிய எறக்கி வாரிக்கிட்டுப் போ.”

சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி நெடுநேரம் நிற்கவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே, மோதிரத்தை இன்னும் இரண்டு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

இண்டர்வியூ அன்று தலைமுடியை இறக்கித்தான் வாரிக்கொண்டு போனேன். ஏசி அறை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் மேனேஜர். ஓரத்தில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். இந்த ஓரத்தில் ஒரு டாக்டர் அம்மா, ஆஸ்பத்திரியின் தரத்தைப் பார்க்க வந்தவர். உட்காரச் சொன்னார்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். முதல் இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னேன். பிறகு மேனேஜர் கேட்டார்.

“நீங்க செஞ்ச தவறு ஒண்ணு சொல்லுங்க.”

மோதிரம் நாக்கு நுனியில் இருந்தது. அப்போது டாக்டர் அம்மா கீழே குனிந்து ஒரு பதிவேட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். ஓரம் பழுத்த பழைய பதிவேடு. அட்டையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

“பழசெல்லாம் பாத்துட்டிருந்தேன். உங்க பேர்ல ஒரு என்ட்ரி இருக்கு. டிரம் விஷயம்” என்றார். “தவறை அறிந்த உடனே தெரிவித்தார்னு எழுதியிருக்காங்க. நல்ல விஷயம்தான். அதையே சொல்லுங்களேன்.”

அவர் எனக்கு உதவிதான் செய்தார். வழியைத் திறந்து விட்டார். ‘ஆமாங்க, உடனே சொன்னேன்’ என்று ஒரு வாக்கியம். பதிவேடு சாட்சி, சிஸ்டர் கையெழுத்து சாட்சி, என் கையெழுத்து சாட்சி. சொல்லிவிட்டால் வேலை நிற்கும், வைத்தியம் நிற்கும். சொல்லாவிட்டால் செத்துப்போன சிஸ்டர் பொய் எழுதினார் என்றாகும்.

“நான் ஓட்டையைத் திறக்காம விட்டுட்டேங்க” என்று ஆரம்பித்தேன். “எடுத்ததும் தெரிஞ்சிடுச்சி. தெரிஞ்ச உடனே…”

அங்கே நின்றுவிட்டது. அறையில் எங்கேயோ கடிகாரம் ஓடியது. காது மடல் எரிந்தது, முடிக்குக் கீழே.

“உடனே இல்லீங்க” என்றேன்.

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“பத்து நிமிஷம் ஆச்சு. பெரிய முள்ளு ரெண்டுலேர்ந்து நாலுக்கு வந்துடுச்சி. அதுவரைக்கும் நான் நின்னேன்.”

“ஆனா இதுல உடனேன்னு…” மேனேஜர் பதிவேட்டைத் திருப்பினார்.

“அதுக்குக் கீழ என் கையெழுத்து இருக்குது பாருங்க. படிச்சுக் காட்டினதுக்கு அப்புறம்தான் போட்டேன். தெரிஞ்சே நான் போட்டேன். எழுதினவங்களைக் கேக்காதீங்க, என்னைக் கேளுங்க.”

டாக்டர் அம்மா கேட்டார். “ஏன் நின்னீங்க?”

“பயந்துட்டேன்.”

“எதுக்கு?”

“வேலை போயிடும்னு.”

“இப்ப இதைச் சொல்றீங்களே, இப்ப பயம் இல்லையா?”

“இப்பவும் அதே பயம்தாங்க. அன்னைக்காவது நின்னுக்கிட்டு இருந்தேன். இப்ப உக்காந்துக்கிட்டுப் பயப்படறேன்.”

டாக்டர் அம்மா இன்னொன்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்த வகுப்பிலும் பதில் சொல்லித் தரவில்லை.

“அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?”

“இல்லீங்க.”

“அப்புறமாவது?”

“இல்லீங்க. காலாப்பட்டு பஸ்ஸுல ஏறுறப்பல்லாம் எறங்கித் தேடணும்னு நெனப்பேன். எறங்கினது இல்ல.”

போகலாம் என்றார்கள். வெளியே பெஞ்சில் மோதிரக்காரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என்ன கேட்டார்கள், என்ன கேட்டார்கள் என்று பிடுங்கினார்கள். என் முகத்தைப் பார்த்ததும் ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போய் அவரிடம் சொன்னேன். “மோதிரத்தைச் சொல்லல. டிரம்மைச் சொல்லிட்டேன். பத்து நிமிஷத்தையும் சொல்லிட்டேன்.” அவர் மூச்சு வாங்கிக்கொண்டே கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். “அடிப்பாவி” என்றார். பிறகு, “சோறு போடு” என்றார். அதற்குமேல் அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்து நாள் கழித்துப் பட்டியல் ஒட்டும்வரை நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ராத்திரி அவர் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன். ஆவி பிடிக்காமல் இந்த மூச்சு எத்தனை மாதம் ஓடும் என்று மனசு தானாகக் கணக்குப் போடும்.

பட்டியல் இங்கிலீஷில் இருந்தது. என் பெயரை இங்கிலீஷில் பார்த்தால் எனக்குத் தெரியாது. என் அடையாள அட்டை எண் மட்டும் தெரியும். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தேன். இல்லை. மறுபடியும் வந்தேன். கடைசிக்கு முந்தின வரியில் இருந்தது. பட்டியலுக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்னை வைத்துக்கொண்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஓய்வு பெறுகிறவரை அந்த அறையில்தான் இருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு மூன்று வருஷம் மூச்சு விட்டார்.

அந்த டிரம் கதையைத்தான் யாரோ பதிவேட்டிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி, பயிற்சி வகுப்பில் கொடுத்திருக்கிறார்கள். ஓட்டை இருக்கிறது, டேப் இருக்கிறது, வழக்கம் இருக்கிறது. பத்து நிமிஷம் மட்டும் இல்லை. பிலோமின் சிஸ்டர் தெரிந்து போட்ட பொய்யை, இவர்கள் தெரியாமல் மறுபடியும் போட்டுவிட்டார்கள்.

போனில் மல்லிகாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“அந்தத் தாளைப் படிக்காத” என்றேன். “அதைப் படிச்சிட்டு, நாளைக்கு ஒனக்கு ஒண்ணு நடந்து, காலு நகரலன்னு வெச்சுக்க. தாள்ல இருக்கறவ உடனே ஓடினா, நமக்கு மட்டும்தான் இப்படின்னு நெனைப்ப. அப்புறம் பத்து நிமிஷம் ஆனாலும் போவ மாட்ட.”

“அப்ப நான் என்னாதான்க்கா சொல்றது?”

“ஒன்னோடதைச் சொல்லு.”

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். அவளுக்குப் பின்னால் நீராவிப் பெட்டி சீறுகிற சத்தம் கேட்டது. வேலை இடத்திலிருந்துதான் பேசிக்கொண்டிருந்தாள்.

“எனக்கும் ஒண்ணு இருக்குதுக்கா” என்றாள்.

என்ன என்று நான் கேட்கவில்லை. அது எனக்குச் சொல்ல வேண்டியது இல்லை.

“எவ்ளோ நேரம் நின்ன?” என்று மட்டும் கேட்டேன்.

“நின்னேனா?” என்றாள். குரல் இறங்கிவிட்டது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். “இன்னும் நின்னுக்கிட்டுதான்க்கா இருக்கறேன்.”

பெட்டி சீறிக்கொண்டே இருந்தது. அந்த அறை எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.

“மேல கடியாரத்தைப் பாரு. பெரிய முள்ளு எங்க இருக்குது?”

“ரெண்டுல.”

“மூணுக்கு வர்றதுக்குள்ள போ. போனை வெக்காத, கையிலேயே வெச்சுக்க.”

பெட்டி சீறுகிற சத்தம் தள்ளிப் போனது. பிறகு கதவு ஆடுகிற சத்தம் கேட்டது. ஒரு தரம். இரண்டு தரம்.